பூவும் தலையும்: நாணயங்களை அழகாகப் படமெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெட்டியில் கிடைத்த பழைய காசையோ ஆசையாகச் சேர்த்த நாணயத்தையோ படமெடுத்துவிட்டு, "கையில் வைத்துப் பார்க்கும்போது இருக்கிற அழகு படத்தில் வரவில்லையே" என்று வருந்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடமாக நாணயங்களைப் படமெடுத்து வருகிறேன். நண்பர்களும் புதிதாகத் தொடங்குகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

பட்டியலுக்கு எடுக்கும் படத்துக்கும் ரசனைக்காக எடுக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

பட்டியல் படம் காசு முழுவதையும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். எழுத்து, ஆண்டு, கீறல், நிறம் எதுவும் மறையக்கூடாது. விற்பனைக்கும் ஆய்வுக்கும் அதுதான் வேண்டும். ரசனைக்கான படத்தில் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்: தேய்ந்த கன்னமா, ஒரு எழுத்தின் வளைவா, விளிம்பின் பல்லா, அதைப் பிடித்திருக்கும் கையா? தேர்ந்தெடுத்ததற்கு ஒளி கொடுத்து, மற்றதை இருட்டில் விட்டுவிடலாம். படமெடுக்கும் முன் "இந்தக் காசில் எனக்குப் பிடித்தது எது?" என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஃபோன் போதுமா? மிக நெருக்கத்தில் எடுப்பதற்கென்று உள்ள தனி மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டுமா?

தொடங்குவதற்கு ஃபோன் தாராளமாகப் போதும். ஆனால் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: ஃபோனைக் காசுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் கொண்டுபோய்விடுகிறார்கள். அவ்வளவு நெருங்கினால் ஃபோனின் நிழலே காசின்மேல் விழும், விளக்கு வைக்கவும் இடமிருக்காது, வட்டமும் கொஞ்சம் கோணலாகத் தெரியும். தள்ளி நின்று இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஸூம் செய்து எடுங்கள். காசின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். உலோகம் எப்போதும் எதிர்பார்ப்பதைவிடப் பிரகாசமாகப் பதிவாகிவிடும். அப்படி வெளுத்துப்போன இடத்தை அப்புறம் மீட்க முடியாது.

கேமரா வைத்திருப்பவர்கள் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் வாங்கலாம். குறைந்த மில்லிமீட்டர் மேக்ரோவைவிட இது காசிலிருந்து தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில்தான் விளக்கை நகர்த்தி விளையாட முடியும்.

விளக்கை எங்கே வைப்பது?

எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாணயம் என்பது மிக மெல்லிய சிற்பம். அதில் உள்ள உருவத்தின் உயரம் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. கோயில் தூணில் உள்ள சிற்பத்தை மத்தியான வெயிலில் பார்ப்பதற்கும் சாயங்கால வெயிலில் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! காசிலும் அதே கதைதான். என்ன ஒன்று, இங்கே சூரியன் உங்கள் கையில் இருக்கிறது.

1947-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் புலி. முழுக்க நிக்கலில் அடித்த காசு. இருட்டறையில் மேசைமேல் புலியை மேலே பார்க்க வைத்து, ஒரே ஒரு சின்ன டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, காசைச் சுற்றிக் கடிகார முள்போல மெல்ல நகர்த்திப் பாருங்கள். டார்ச் 12 மணி இடத்தில் இருக்கும்போது புலியின் முதுகு பளிச்சென்று எழும், வயிற்றுக்கு அடியில் நிழல் விழும். அந்த நிழலால்தான் புலிக்கு எடை வருகிறது. 3 மணிக்கோ 9 மணிக்கோ நகர்த்துங்கள். ஒளி உடம்பின் நீளவாக்கில் ஓடுவதால் கால்களும் வரிகளும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். நடப்பதுபோல ஓர் உணர்வு வரும். 6 மணிக்குக் கொண்டுபோனால் புலி காசுக்குள் அமுங்கிவிடும்.

இனி உயரத்தை மாற்றுங்கள். டார்ச் மேசையை ஒட்டித் தாழ்ந்திருந்தால் தளம் (உருவமில்லாத வெறும் பரப்பு) இருண்டுபோய் விளிம்புகளும் கீறல்களும் மட்டும் எரியும். நாடகத்தனமான படம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு சிராய்ப்பும் காட்டிக்கொடுத்துவிடும். பாதி உயரத்தில் உருவமும் தளமும் சமமாகத் தெரியும். லென்ஸுக்கு அருகே உயர்த்திவிட்டால் நிழல் போய்விடும், உலோகத்தின் மினுமினுப்பு வரும்.

கேமராவையே எடுக்காமல் ஒரு மாலை முழுக்க இப்படி டார்ச்சை மட்டும் நகர்த்திக்கொண்டிருங்கள். லென்ஸுக்குக் கொட்டும் பணத்தைவிட அது அதிகம் கற்றுக்கொடுக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

என் படத்தில் தலை மேடாக இல்லாமல் குழியாகத் தெரிகிறது. ஏன்?

ஒளி கீழேயிருந்து வந்திருக்கிறது. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம் மூளை எப்போதும் எடுத்துக்கொள்கிறது. அதனால் கீழேயிருந்து ஒளி பட்ட மேட்டைப் பள்ளம் என்று படித்துவிடுகிறது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் படங்களைத் தலைகீழாகத் திருப்பினால் மேடாகத் தெரிவதும் இதனால்தான். விளக்கை 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் எங்காவது வைத்தால் சரியாகிவிடும். வேண்டுமென்றே குழியாகக் காட்டி ஒரு படம் எடுக்கலாம். மண்ணில் பதிந்த முத்திரை போல அழகாக இருக்கும்.

புதுக் காசைச் சாய்த்தால் ஓர் ஒளிப்பட்டை சுழல்கிறதே, அதைப் படத்தில் கொண்டுவர முடியுமா?

முடியும். அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளை வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல விட்டுச்செல்கிறது. ஒளிப்பட்டை அந்த வரிகளில் பட்டுத்தான் சுழல்கிறது. புழக்கத்தில் போனால் முதலில் தேய்ந்துபோவதும் அதுதான்.

அதைப் பிடிக்கச் சின்னதாக, மறைப்பில்லாத விளக்கு வேண்டும். பட்டர் பேப்பர், வெள்ளைத் துணி எதையாவது குறுக்கே வைத்தால் பட்டை கரைந்துவிடும். இரண்டு சின்ன விளக்குகளை லென்ஸை ஒட்டி உயரமாக, 10 மணியிலும் 2 மணியிலும் வைத்துக் காசை இம்மி இம்மியாகச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் பட்டை முகத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். அங்கே எடுங்கள். பழைய, மங்கிய காசுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: ஜன்னல் வெளிச்சமோ பட்டர் பேப்பர் போர்த்திய விளக்கோதான் அதற்கு ஏற்றது.

கண்ணாடிபோல மின்னும் ப்ரூஃப் காசில் என் முகமும் கேமராவும்தான் தெரிகின்றன. என்ன செய்வது?

சந்தோஷப்படுங்கள், கலைக்கு இதைவிட நல்ல காசு இல்லை. ப்ரூஃப் என்பது சேகரிப்பவர்களுக்கென்று தனியாக மெருகேற்றி அடிக்கும் காசு. அதில் தளம் கண்ணாடி, உருவம் பனி படர்ந்ததுபோல மங்கலான வெள்ளை. கண்ணாடிக்கென்று சொந்த நிறம் கிடையாது, எதிரே இருப்பதைத்தான் காட்டும். அப்படியானால் எதிரே என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்பு அட்டையைப் பிடித்தால் தளம் கன்னங்கரேலென்று ஆகி உருவம் மட்டும் மிதக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 1000 ரூபாய் நினைவு நாணயம் வெளியானது. அதில் விமானத்தைச் சுற்றியுள்ள தளம்தான் வானம். அடியில் இளஞ்சிவப்பும் மேலே கருநீலமுமாக வண்ணம் தீட்டிய ஒரு தாளை எதிரே சாய்த்துப் பிடித்தால், கோயிலுக்குப் பின்னால் அந்தி வந்துவிடும். கணினியில் எந்த வண்ணமும் பூச வேண்டாம். தாளைக் கொஞ்சம் நகர்த்தினால் இரவு.

கண்ணாடித் துண்டு வைத்து எடுக்கும் முறை என்கிறார்களே, அது என்ன?

காசுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடியை 45 டிகிரி சாய்வாக நிறுத்துவது. ஃபோட்டோ சட்டத்தின் கண்ணாடியே போதும். பக்கவாட்டிலிருந்து விளக்கை அந்தக் கண்ணாடியின்மேல் அடித்தால் ஒளி திரும்பிக் காசின்மேல் செங்குத்தாக இறங்கும். காசில் பட்டு மேலே வரும் ஒளி கண்ணாடியைக் கடந்து லென்ஸுக்குள் போகும். விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கச் சுவரும் படத்தில் கலந்துவிடும். விளக்கு நேரடியாகக் காசின்மேல் படாமல் ஒரு சின்ன அட்டை மறைப்பும் வேண்டும்.

இதில் தட்டையான இடமெல்லாம் வெளுத்தும் சரிவெல்லாம் இருண்டும் வரும். பென்சிலால் கோடு போட்டதுபோல இருக்கும். ஒளி நிறைய வீணாவதால் ஷட்டர் நேரம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) நீளும், ட்ரைபாட் இல்லாமல் முடியாது. எழுத்து நிறைந்த காசுகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். 2009-இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த 5 ரூபாய்க் காசில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. இந்த ஒளியில் அது மை காயாத கையெழுத்துபோல வரும்.

ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வருகிறது.

கேமரா காசுக்கு நேர்மேலே இல்லை. கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள், ஏமாற்றிவிடும். காசு இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்துத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது. அரை நிமிட வேலை.

அதற்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. காசு தன் உண்மையான அளவிலேயே சென்ஸாரில் (படம் பதியும் சில்லில்) விழும் அளவுக்கு நெருங்கினால், பெரிய சென்ஸார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் எஃப் 8 வைத்தாலும் (எஃப் எண் கூடினால் லென்ஸின் துவாரம் சுருங்கும்) தெளிவாக வருவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளி வளைவதால் படம் முழுவதுமே மழுங்கும். சாய்வாக எடுக்கும் படங்களுக்கு ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்து இருபது படம் எடுத்துக் கணினியில் அடுக்கி ஒன்றாக்குவார்கள். ஸெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் எல்லாம் தெளிவாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒற்றை எழுத்து மட்டும் தெளிந்து மற்றது கரைந்துபோகும் படம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மேசை நடுங்குவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். இரண்டு வினாடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள்.

படமெடுக்கும் முன் காசைக் கழுவி மினுக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

தொடங்கிய காலத்தில் என் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து ஒரு செப்புக்காசு கிடைத்தது. வெற்றிலைச் சுண்ணாம்பும் கைவியர்வையும் சேர்ந்து பல ஆண்டுகளில் ஏறிய கருஞ்சிவப்பு அதில் இருந்தது. எழுத்தின் ஓரங்களில் மட்டும் கறுப்பு, மேட்டில் இளஞ்சிவப்பு. "படத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே" என்று புளி போட்டுத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் அது புதுக் குழாய்த் துண்டுபோல ஆகிவிட்டது. அந்த நிறம்தான் எழுத்தைத் தளத்திலிருந்து பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது என்பது படமெடுத்தபோதுதான் புரிந்தது. ஒளியை எங்கே வைத்தாலும் எழுத்து எழவில்லை. பாட்டியின் கைபட்ட தடயமும் அதோடு போயிற்று. இன்றும் அந்தக் காசை எடுத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

நிறம் ஏறிய பரப்புதான் காசின் தோல். வெள்ளியில் வரும் நீலம், ஊதா, பொன் நிறங்கள் மேலே படர்ந்த மிக மெல்லிய படலத்தில் ஒளி பிரிவதால் வருபவை, எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதுபோல. அதைத் துடைத்தால் திரும்ப வராது. தூசியை ஊதுகுழல் பந்தால் ஊதிவிடுங்கள், வாயால் ஊத வேண்டாம், எச்சில் துளி புள்ளியாகிவிடும். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

முழுக்கத் தேய்ந்த காசு, வெட்டுப்பட்ட காசு: இவற்றில் என்ன படம் கிடைக்கும்?

என் பார்வையில் மிக நல்ல படங்கள் இவற்றில்தான் கிடைக்கின்றன. முதலாம் இராசராசனின் செப்புக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற பெயரும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிறையக் கிடைப்பதால் சேகரிப்பவர்களிடம் சாதாரணமாகப் பார்க்கலாம். பலவற்றில் உருவம் சில கோடுகளாகத்தான் மிஞ்சியிருக்கும். தாழ்ந்த ஒற்றை விளக்கை வைத்தால் அந்தக் கோடுகள் மட்டும் இருட்டிலிருந்து எழும்பும். அகல் விளக்கின் ஒளியில் எடுத்துப் பாருங்கள், செம்புக்கு அந்த மஞ்சள் அவ்வளவு பொருந்தும். சுடர் அசையும் என்பதால் பல படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வெட்டுக்கு ஒரு பெரிய உதாரணம் புதுக்கோட்டைப் புதையல். 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருந்தது. காசாக மீண்டும் புழங்கக்கூடாது என்று வெட்டியிருக்கலாம் என்பது பொதுவான விளக்கம். இப்படிப்பட்ட காசு கைக்கு வந்தால் பலர் முகத்துக்கு ஒளி வைத்து வெட்டை மறைக்கப் பார்ப்பார்கள். நான் வெட்டுக்குத்தான் ஒளி வைப்பேன். வெட்டு ஓடும் திசைக்குக் குறுக்காக விளக்கை வைத்தால் ஒரு கரை பொன்னாகவும் மறுகரை இருட்டாகவும் பிரியும். யாரோ ஒருவருடைய கை ஓங்கிய அந்த ஒரு நொடி படத்தில் நிற்கும்.

ஓட்டைக் காலணாவை எப்படி எடுக்கலாம்?

1943 முதல் 1947 வரை வந்த, நடுவில் வட்டத் துளையுள்ள வெண்கலக் காசு. துளைதான் இதன் முகம். கறுப்பு அட்டையில் துளையைவிடச் சின்னதாக ஓர் ஓட்டை போட்டுக் காசை அதன்மேல் வைத்து, அடியிலிருந்து டார்ச் அடியுங்கள். மேலே மிக மெல்லிய பக்க ஒளி. சூரிய கிரகணம்போல ஒரு படம் வரும். சணல் நூலில் கோத்துத் தொங்கவிட்டு ஜன்னலுக்கு எதிரே எடுப்பதும் அழகு.

காசை விளிம்பில் நிற்க வைப்பது, சுழலும்போது எடுப்பது எப்படி?

இப்போது புழங்கும் எஃகு ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும். மேல்விரிப்புக்கு அடியில் வலுவான சின்னக் காந்தம் வைத்தால் காசு விளிம்பில் நிற்கும். மெல்லிய கறுப்புத் துணி விரித்தால் காந்தம் இருப்பதே தெரியாது. முன்னே சொன்ன 1947 நிக்கல் ரூபாயும் காந்தத்துக்கு வரும், ஆனால் மதிப்புள்ள காசை டப்பென்று இழுக்கவிட்டுக் கீறிவிடாதீர்கள். செம்பும் செப்பு-நிக்கல் கலவையும் ஒட்டாது. அவற்றுக்குப் பின்னால் ஒரு துளி களிமண் முட்டு போதும்.

சுழலுவதை உறையவைக்க ஷட்டர் நேரம் 1/2000 வினாடி, பளிங்கு உருண்டைபோலக் காட்ட 1/30 வினாடி. சுழலப்போகும் இடத்தில் ஓர் அழிப்பானை நிறுத்தி அதன்மேல் முன்கூட்டியே ஃபோகஸ் பூட்டிக்கொள்ளுங்கள். நிறையப் படம் வீணாகும். பரவாயில்லை.

தண்டவாளத்தில் வைத்து நசுக்குவது, உருக்குவது: கலைக்காகச் செய்யலாமா?

கூடாது. காசை உருக்குவதையும் அழிப்பதையும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடை செய்கிறது. தண்டவாளத்தில் உயிருக்கும் ஆபத்து.

பின்னணியாக எதை வைப்பது?

கறுப்பு வெல்வெட் எப்போதும் கைகொடுக்கும், ஒளியை விழுங்கிவிடும். சின்ன மூடியின்மேல் காசை வைத்துத் துணியிலிருந்து உயர்த்தினால் பின்னணி இன்னும் மங்கும்.

ஆனால் பழைய சாவி, பூதக்கண்ணாடி, வரைபடம் என்று பொருள்களைக் குவிக்கும் படங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. நம் வாழ்க்கையில் காசு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஒற்றைக் காசு. முடிச்சின் இறுக்கத்தில் காசின் வட்டம் துணியில் புடைத்துத் தெரியும், காசு தெரியவே தெரியாது. பக்கவாட்டு ஜன்னல் ஒளியில் அந்தப் புடைப்பைப் படமெடுத்துப் பாருங்கள்; நான் பார்த்த நாணயப் படங்களிலேயே அதுபோல மனதைத் தொட்டது வேறில்லை. மொய்க் கவரில் ஒட்டிய ஒரு ரூபாய், உண்டியல் வாயில் பாதி நுழைந்த காசு, காசுமாலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த வரிசை. பொருளும் காசும் ஏற்கெனவே ஒன்றையொன்று தெரிந்தவையாக இருக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் காசை எப்படி எடுப்பது?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு மிகப் பெரியது, கட்டாயம் போய்ப் பாருங்கள். எங்கே போனாலும் முதலில் அனுமதி கேளுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். முன்பக்கம் திறந்த ரப்பர் வளையம் (ஹூட்) போட்ட லென்ஸைக் கண்ணாடிக்கு நெருக்கமாக வைத்தால் பிரதிபலிப்பு போகும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவதும் உதவும்.

எடிட்டிங்கில் எவ்வளவு தூரம் போகலாம்?

விற்பனைக்கான படத்தில் கீறலை நீக்குவதும் நிறம் கூட்டுவதும் ஏமாற்று வேலை. ரசனைக்கான படத்தில் உங்கள் விருப்பம், மாற்றியதைச் சொல்லிவிடுங்கள். வெள்ளை நிறச் சமநிலையை மட்டும் எடுக்கும்போதே ஒரு சாம்பல் அட்டை வைத்துச் சரிசெய்யுங்கள். வெள்ளிக்காசு மஞ்சளடித்து வந்தால் எந்த ஒளியும் அதைக் காப்பாற்றாது. கூர்மையை அதிகம் கூட்டினால் காசு தகரம்போல ஆகிவிடும்.

மிகச் சிறிய காசு எவ்வளவு சிறியது என்பதைப் படத்தில் எப்படி உணர்த்துவது?

பணம் என்று நாம் சொல்லும் சொல்லே ஒரு காலத்தில் ஒரு குட்டிக் காசின் பெயர். அந்தப் பொற்பணம் அரை கிராம்கூட இருக்காது, சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். நெருங்கி எடுத்துப் படம் முழுக்க நிரப்பினால் அது பெரிய தங்கத் தட்டுபோலத் தெரிந்துவிடுகிறது, பார்ப்பவர்களுக்கு அளவு பிடிபடாது. அளவுகோல் வைத்தால் பட்டியல் படம் ஆகிவிடும். நான் பக்கத்தில் இரண்டு அரிசி மணி வைப்பேன். அரிசியின் நீளம் எல்லார் கைக்கும் தெரியும். அல்லது வயதான ஒருவரின் உள்ளங்கையில், ரேகைகளின் நடுவே வைத்து, ஜன்னல் பக்கம் கையை நீட்டச் சொல்லுங்கள். ஃபோகஸ் காசின்மேல் இருக்கட்டும், ரேகைகள் லேசாகக் கரையட்டும். மூச்சை மெல்ல விடுங்கள், அதற்கே அது நகர்ந்துவிடும்.